எஸ்.யூ.வை விட்டு வெபருக்குப் போய், மறுபடி எஸ்.யூ.வுக்கே வந்தேன்: 1845 சிசி இன்ஜினுக்குக் கார்புரேட்டர் தேடிய ஐந்து மாதம்

நேற்று மாலை மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, டாகோமீட்டர் நிமிடத்துக்கு 1800 சுற்று காட்டும் நேரம் பார்த்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தேன். வண்டி திணறவில்லை, குலுங்கவில்லை. மிதித்த நொடியிலேயே இழுக்க ஆரம்பித்து 5000 வரை ஒரே சீராகப் போனது. இந்த ஒரு இழுப்புக்காக, எஸ்.யூ., வெபர் என்ற இரண்டு வகைக் கார்புரேட்டர்களோடு (இன்ஜினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் பாகம்) ஐந்து மாதமாகக் கை கழுவாமல் அலைந்திருக்கிறேன் என்பதால், மறப்பதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன். இதே இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு என் தப்புகளாவது உதவட்டும்.

வண்டி 1966 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் 1798 சிசி, நான்கு சிலிண்டர், பி.எம்.சி. பி சீரிஸ். சிலிண்டர்கள் தேய்ந்து ஓவலாகிவிட்டதால் நாற்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) போர் செய்து, அதாவது குடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். 80.26 மிமீ இருந்த சிலிண்டர் விட்டம் 81.28 ஆனது, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அதே 88.9. கணக்குப் போட்டால் 1845 சிசி வருகிறது. கேம்ஷாஃப்டைக் கொஞ்சம் ஏற்றிக் கிரைண்ட் செய்து வாங்கினேன், ரேஸ் கேம் இல்லை, தினசரி ஓட்டும் அளவுக்குத்தான். ஈயம் இல்லாத பெட்ரோல் என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கெட்டியான உலோகத்தில் மாற்றினேன். இன்ஜின் வேலை முடிந்தது. எந்தக் கார்புரேட்டரை உட்கார வைப்பது என்ற கேள்வி மட்டும் பாக்கி.

கழற்றி வைத்திருந்தது இரண்டு எஸ்.யூ. எச்எஸ்4, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மிமீ. வண்டியோடு வந்தவை. இன்ஜின் பிரிப்பதற்கு முன்பே அவை என்னைப் படுத்திக்கொண்டிருந்தன. ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஒரு இடத்தில் நிற்காது, 900, 1300, திரும்ப 850 என்று ஏறி இறங்கும். காலையில் வைத்த செட்டிங் மதியத்துக்குப் பொருந்தாது. ஸ்க்ரூவைத் திருகித் திருகியே அலுத்துப்போய், ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டன, ஆயுள் முடிந்தது என்று தீர்மானித்து ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு அளவுகூட எடுத்துப் பார்க்கவில்லை. பின்னால் நடந்த எல்லாமே இங்கிருந்து தொடங்கியதுதான்.

அடுத்து நான் பார்த்தது வெபர் 45 டிசிஓஇ. பக்கவாட்டில் படுத்திருக்கும், இரண்டு பேரல், ஒரே கார்புரேட்டர். இந்த இன்ஜினுக்கு நிறைய பேர் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஜெட் (பெட்ரோலோ காற்றோ அளவாக வரும் சிறு துளை), எமல்ஷன் ட்யூப் (பெட்ரோலில் காற்றைக் கலக்கும் குழல்), சோக் (காற்று போகும் வழியைக் குறுக்கும் குழல்) என்று உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். அந்த வசதிதான் என்னை இழுத்தது. மேனிஃபோல்ட், லிங்கேஜ், ஃபில்டர் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்கினேன். சோக் அளவாக 36 மிமீயைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் 5500 ஆர்பிஎம்மில் அதிகப் பவர் எதில் வரும் என்று மட்டும்தான் பார்த்தேன். நான் அந்த 5500-க்கு வாரத்தில் எத்தனை முறை போகிறேன் என்று யோசித்திருந்தால் அப்போதே வேறு முடிவு எடுத்திருப்பேன்.

பூட்டியது ஒரு சனிக்கிழமை. மேனிஃபோல்ட் சுலபமாக உட்கார்ந்தது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ரப்பர் ஓ-ரிங் வைத்த தகடு ஒன்று வரும், வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் இரட்டைச் சுருள் ஸ்பிரிங் வாஷர் வரும். இந்த நான்கு சிலிண்டர் இன்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் நன்றாக அதிரும், அந்த அதிர்வு பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறைக்குப் போனால் பெட்ரோல் நுரைத்துவிடும், அதனால்தான் கார்புரேட்டரை மெத்தென்று தொங்கவிடுகிறார்கள். இது தெரியாமல் நான் நட்டை வழக்கம்போல் இறுக்கி, வாஷரின் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிட்டேன். 3000-ஐத் தாண்டினால் மிஸ் அடித்தது. ப்ளக், காயில், பாயிண்ட் எல்லாம் பார்த்து ஒரு வாரம் வீணானது. நட்டைத் தளர்த்தி, சுருள்களுக்கு இடையே ஒரு மிமீ ஃபீலர் கேஜ் வழுக்கிப் போகும் அளவுக்கு விட்டதும் அந்த மிஸ் போய்விட்டது. நைலான் வளையம் வைத்த லாக்நட்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தளர்வில் நட் கழன்றுவிடும்.

சரி, மிஸ் போனது. ஆனால் அடியிலிருந்து இழுப்பு வரவில்லை. 2000 முதல் 3000 வரை ஒரு பள்ளம். ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் வண்டி ஏறும், சட்டென்று மிதித்தால் முதலில் 'போ' என்று ஒரு அடைத்த சத்தம், ஒரு குலுக்கு, பிறகுதான் எழும். 4000 தாண்டியதும் அருமையான இழுப்பு, அதைச் சொல்லியாக வேண்டும், அந்தச் சத்தமும் இன்னும் காதில் இருக்கிறது.

ஜெட் மாற்ற ஆரம்பித்தேன். சோக் அளவை நாலால் பெருக்கினால் மெயின் ஜெட், அதோடு ஐம்பது கூட்டினால் ஏர் ஜெட் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 36-க்கு 145, மேலே 195. அதிலிருந்து தொடங்கி மெயினை 150, 155, 160 என்று ஏற்றினேன். ஏர் ஜெட்டை 175 வரை இறக்கினேன். ஐடில் ஜெட்டை 50-லிருந்து 55-க்கு மாற்றினேன், அப்போது பள்ளம் கொஞ்சம் நிரம்பியது. இன்னும் நிரப்பலாம் என்று 60 போட்டேன். ஐடிலில் கண் எரிந்தது, ஆனால் பிக்கப் சுமாராக வந்தது. அந்தச் சுமாரான பிக்கப்பைப் பார்த்து, இதுதான் வழி என்று நம்பிவிட்டேன்.

என்னை நிறுத்தியது டிப்ஸ்டிக். ரீபில்ட் முடிந்து 600 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆயில் அளவு பார்க்க இழுத்தபோது குறைய வேண்டியது கூடியிருந்தது, இரண்டு மிமீ மேலே. விரலில் தேய்த்தேன், வழவழப்பே இல்லை, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. புதிய ரிங், புதிதாக ஹோன் செய்த சிலிண்டர் சுவர், அதன் மேல் எரியாத பெட்ரோல் வழிந்து ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. ரிங் சுவரோடு பழக வேண்டிய காலம் அது. பிக்கப்புக்காக ஐடில் ஜெட்டை ஏற்றி ஏற்றி, நானே அந்த இன்ஜினைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன், கம்ப்ரஷன் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 5 பிஎஸ்ஐ வித்தியாசத்துக்குள் இருந்தன. பிழைத்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட அந்தச் செட்டிங்கில் ஓட்டவில்லை.

அப்போதுதான் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். 1845 சிசி, 5500 சுற்று, சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 4300 லிட்டர் காற்று. அது இரண்டு 36 மிமீ சோக் வழியாகப் போனால் சராசரி வேகம் நொடிக்கு 35 மீட்டர். அதே இன்ஜின் 2000-ல் இருந்தால் 13 மீட்டருக்கும் குறைவு. ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுப்பது அந்தக் காற்றின் வேகம்தான், 13 மீட்டரில் அது சோம்பேறித்தனமாகத்தான் வரும். போதாததற்கு இந்த இன்ஜினின் ஹெட்டில் இன்லெட் போர்ட் இரண்டே இரண்டு. 1-ம் 2-ம் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன, 3-ம் 4-ம் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒரு போர்ட்டை மட்டும் கவனித்தால் 2 இழுத்த கையோடு 1 இழுக்கிறது, அப்புறம் இரண்டு ஸ்ட்ரோக் சும்மா இருக்கிறது, மறுபடி 2, உடனே 1. காற்று சீராக ஓடாமல் விட்டு விட்டு ஓடுகிறது, குறைந்த வேகத்தில் இது நன்றாகவே உறுத்தும். வெபரில் எந்தக் குறையும் இல்லை. நான் கேட்ட 36 மிமீக்கு அது சரியாகவே வேலை செய்தது, நான்தான் தவறான அளவைக் கேட்டேன். 32 மிமீ சோக் போட்டுக் கீழிருந்து புதிதாக ஜெட் கட்டியிருந்தால் பள்ளம் பெரும்பாலும் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். சோக்கை ஆர்டர் செய்யவும் போனேன்.

அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் வண்டியைப் பார்க்க வந்தார். வெபரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழசு எங்கே என்று கேட்டார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துணியைப் பிரித்தவர் வேறெதையும் பார்க்கவில்லை, த்ராட்டில் ஷாஃப்டின் (காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் தண்டு) நுனியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"தம்பி, இதை ஆட்டிப் பார்த்தியா?"

"இல்லண்ணே."

"பார்த்திருந்தா இதைக் கழட்டியிருக்கவே மாட்ட."

அவர் போனபிறகு அளந்தேன். ஷாஃப்ட் புதிதில் 7.94 மிமீ இருக்க வேண்டும். பின்பக்கக் கார்புரேட்டரின் ஷாஃப்ட், பாடிக்குள் உரசும் இடத்தில் 7.81. ஷாஃப்ட் புகும் துளை 8.06, அதுவும் வட்டமாக இல்லை, நெட்டுக்குத்தாகத் தேய்ந்து முட்டை வடிவம். கால் மிமீ இடைவெளி. ஐடிலில் த்ராட்டில் தட்டு திறந்திருப்பதே ஒரு மயிரிழைதான், அதன் பக்கத்திலேயே ஷாஃப்டைச் சுற்றி இப்படி ஒரு சந்து இருந்தால் காற்று அதன் வழியாகத்தான் ஓடும். ஷாஃப்ட் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் உட்காருவதால் அந்தச் சந்தும் ஒவ்வொரு முறையும் வேறு அளவு. நான் வருடக்கணக்கில் ஸ்க்ரூ திருகியது இந்த ஓட்டையோடுதான். இன்ஜின் ஓடும்போது ஷாஃப்ட் நுனியில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்திருந்தால், ஐடில் மாறுவதை வைத்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

எஸ்.யூ.வைப் பற்றி நான் அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். வெபரில் சோக் அளவை நாம் முடிவு செய்து பூட்டிவிடுகிறோம். எஸ்.யூ.வில் அப்படி ஒரு நிலையான அளவே கிடையாது. காற்று குறைவாக வந்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தாழ்ந்து வழியைச் சிறிதாக்குகிறது, அதிகமாக வந்தால் எழுந்து பெரிதாக்குகிறது, ஜெட்டுக்கு மேல் போகும் காற்றின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறது. 2000-க்கு ஒரு சின்ன கார்புரேட்டர், 5000-க்கு ஒரு பெரிய கார்புரேட்டர், இரண்டும் ஒரே டப்பாவுக்குள். நான் ஓட்டுவதில் முக்கால்வாசி நேரம் 1800-க்கும் 3500-க்கும் நடுவில்தான். இந்த இன்ஜினுக்கு, இந்த ஓட்டத்துக்கு, எனக்கு வேண்டியது ஏற்கெனவே என்னிடம் இருந்தது. சோக் ஆர்டரை ரத்து செய்தேன்.

லேத் வேலையை நான் செய்யவில்லை, அதற்கான மெஷின் என்னிடம் இல்லை. பாடியின் இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் அரை மிமீ விலகினாலும் தட்டு மூடாது. பாடியை ஒரே செட்டப்பில் வைத்து இரண்டு பக்கமும் போர் செய்து, வெண்கல புஷ் இறக்கி, நீளமான ரீமரை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வரும்வரை ஒரே தடவையாக விட்டுத் தரச் சொன்னேன். புது ஷாஃப்ட் போட்டபிறகு ஆட்டம் கைக்குத் தெரியவில்லை, டயல் கேஜில் 0.03 மிமீ.

த்ராட்டில் தட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தட்டின் ஓரம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும், திருப்பிப் போட்டால் மூடாது. கழற்றும் முன்பே மேல்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் கீறி அடையாளம் வைத்துவிடுங்கள். பூட்டும்போது இரண்டு ஸ்க்ரூவையும் தளர்வாக விட்டு, தட்டை நாலைந்து முறை டப்பென்று மூடித் தானாக உட்கார வைத்து, டார்ச்சுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் எங்கும் வெளிச்சம் தெரியாத நிலை வந்தபிறகுதான் இறுக்கினேன். ஸ்க்ரூவின் வால் பிளந்திருக்கும், அதை விரித்துவிட வேண்டும், பழையதைத் திரும்பப் போடக்கூடாது. அது கழன்றால் நேராக இன்ஜினுக்குள்தான் போகும்.

பிரித்ததில் இன்னொன்று தெரிந்தது. பிஸ்டன் மேல் உட்காரும் ஸ்பிரிங்கின் நுனிச் சுருளில் வண்ணம் பூசியிருப்பார்கள். முன் கார்புரேட்டரில் சிவப்பு, அதுதான் சரி, 4½ அவுன்ஸ். பின்னதில் மஞ்சள், 8 அவுன்ஸ். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். கனமான ஸ்பிரிங் பிஸ்டனை எழவிடாது, வழி குறுகி, அந்தப் பக்கம் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். 3, 4 ப்ளக் மட்டும் எப்போதும் கறுப்பாக இருந்ததற்குக் காரணம் இப்படித்தான் வெளியே வந்தது. இரண்டு புதிய சிவப்பு ஸ்பிரிங் வாங்கினேன்.

மேல் கிண்ணமும் பிஸ்டனும் ஜோடியாகத் தயாரிக்கப்பட்டவை, ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றில் போடக்கூடாது. பிஸ்டனில் உள்ள துளைகளைக் களிமண்ணால் அடைத்து, கிண்ணத்தோடு தலைகீழாக்கி, பிஸ்டனை மட்டும் பிடித்துக்கொண்டு, கிண்ணம் தானாக நழுவி இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினேன். இந்த அளவுக்கு 5 முதல் 7 நொடி வர வேண்டும். முன்னது 6, பின்னது 5½. இரண்டும் நல்ல நிலை. ஃப்ளோட்டுக்கு மூடியைத் தலைகீழாக வைத்து, ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் நடுவே 3.2 மிமீ டிரில் பிட் நுழையும்படி நாக்கை வளைத்தேன். இது ஐந்து நிமிட வேலை.

ஜெட் மையப்படுத்துவதில்தான் ஒரு முழு மாலை போனது. பிஸ்டனின் அடியில் இருந்து ஜெட்டுக்குள் இறங்கி பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசி, ஜெட்டின் நடுவில் எங்கும் உரசாமல் இறங்க வேண்டும். ஜெட்டை முழுதாக மேலே ஏற்றி, கீழே இருக்கும் பெரிய லாக் நட்டைத் தளர்த்தி, மேலிருந்து ஒரு பென்சிலால் பிஸ்டனை மெல்ல அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்க வேண்டும். பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால், கீழே உலோகத்தில் உலோகம் விழும் 'டக்' என்ற சுத்தமான சத்தம் கேட்க வேண்டும். ஜெட்டைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி தூக்கி விட்டால் அதே 'டக்'. இரண்டாவது சத்தம் கூர்மையாகவும் முதலாவது மந்தமாகவும் இருந்தால் ஊசி உரசுகிறது என்று அர்த்தம். முன் கார்புரேட்டர் மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது. பின்னது வரவே இல்லை, நட்டை இறுக்கும் கடைசிக் கால் சுற்றில் ஒவ்வொரு முறையும் விலகியது. பதினொன்றாவது முறை ஊசியைக் கழற்றி ஒரு கண்ணாடி மேல் உருட்டினேன், நுனி தள்ளாடியது, ஊசியே வளைந்திருக்கிறது. புது ஜோடி ஊசி வாங்கிய பிறகு, தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்கும்படி பொருத்தி முயன்றால் இரண்டாவது தடவையிலேயே 'டக்'. ஊசியை முதலில் உருட்டிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாலை ஆனது.

பூட்டி, ஜெட் நட்டை மேல் மட்டத்திலிருந்து பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று கீழே இறக்கி, ஸ்டார்ட் செய்தேன். நான்காவது சுழற்சியில் பிடித்தது. இன்ஜின் சூடான பிறகு இரண்டு ஷாஃப்டையும் இணைக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி, காற்று மீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்புரேட்டர் வாயின் ஒரே இடத்திலும் வைத்து 'ஸ்ஸ்' சத்தத்தை ஒப்பிட்டாலே போதும். நான் இரண்டையும் செய்து பார்த்தேன், குழாய் வைத்துச் செய்ததை மீட்டர் திருத்தவே இல்லை. காற்று-பெட்ரோல் கலவையைச் சரிபார்க்க, அடியில் இருக்கும் தூக்கும் பின்னை அழுத்திப் பிஸ்டனை 0.8 மிமீ மட்டும் எழுப்ப வேண்டும். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் ரிச், உடனே விழுந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு கணம் ஏறி பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் திருப்பினேன்.

ஐடில் 850-ல் நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், 850. மறுநாள் காலையில் சூடானதும் பார்த்தேன், 850. வாக்வம் கேஜ் முள் முன்பு 14-க்கும் 17-க்கும் இடையே துடித்துக்கொண்டிருக்கும், இப்போது 18-ல் அசையாமல் நின்றது. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பானட் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஆனால் முதல் ஓட்டத்தில் சட்டென்று மிதித்தால் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. பிஸ்டனின் அசைவை மட்டுப்படுத்தும் டாம்பரில் நான் ஊற்றியிருந்தது மெல்லிய தையல் மெஷின் ஆயில், அதுதான் கையில் இருந்தது. எஸ்.யூ.வில், மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது, அந்த வேலையை இந்த ஆயில்தான் செய்கிறது. பிஸ்டன் சட்டென்று எழாமல் பிடித்து வைத்தால்தான் அந்த நொடியில் கூடுதல் பெட்ரோல் இழுபடும். எஸ்ஏஇ 20 ஆயிலை, பிஸ்டனின் குழல் நுனிக்கு மேல் 13 மிமீ நிற்கும்படி ஊற்றியதும் தயக்கம் போனது.

அடுத்தது ஊசி. சைலன்சர் பைப்பில் ஒரு நட் வெல்ட் செய்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சர் மாட்டினேன். ஐடிலும் சீரான ஓட்டமும் நன்றாக இருந்தன, ஆனால் 2500 முதல் 3500 வரை முழு ஆக்சிலேட்டரில் 13.8 காட்டியது. 12.8 பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே ஏழெட்டு சதவீதம் பெட்ரோல் குறைகிறது. எஸ்.யூ. ஊசியின் தடிமனை எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு இடமாக அளந்து பட்டியல் போடுவார்கள். என் ஜெட் துளை 2.286 மிமீ. லீனாக இருந்த இடத்தில் பிஸ்டன் நிற்கும் உயரத்துக்கு ஊசி சுமார் 1.95 மிமீ. அதை 1.92 ஆக்கினால் ஊசியைச் சுற்றியுள்ள வளைய இடைவெளி எட்டு சதவீதம் கூடும். 0.03 மிமீதான் வேலை.

பட்டியலில் தேடிப் பொருத்தமான வேறு ஊசி வாங்கலாம், நான் தேய்த்துப் பார்த்தேன். ஊசியின் தண்டை ஹேண்ட் டிரில்லில் மெதுவாகப் பிடித்து, குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு, ஆயில் தொட்ட 1200 நம்பர் பேப்பரை மடித்து விரலால் ஒத்தினேன். பத்து நொடி, நிறுத்து, துடை, மைக்ரோமீட்டர். முதல் ஜோடியை ஆறாவது இடத்தில் மட்டும் தேய்த்தேன், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடுப்பு விழுந்துவிட்டது. ஆக்சிலேட்டரை அசைக்காமல் வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடியது. அந்த ஜோடி வீண். அடுத்த ஜோடியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று இடங்களையும் சேர்த்து, இரண்டு ஓரத்திலும் படிப்படியாகக் குறையும்படி தேய்த்தேன். இரண்டு ஊசிக்கும் எந்த இடத்திலும் 0.005 மிமீக்கு மேல் வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் பூட்டினேன். அதே சாலையில் ஓட்டியதில் 12.7, 12.9.

இரண்டுக்கும் எடுத்த நேரங்கள் இவை. மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 கிலோமீட்டருக்கு வெபரில் 9.6 நொடி, எஸ்.யூ.வில் 8.1. அதே கியரில் 90-லிருந்து 115-க்கு வெபர் அரை நொடி வேகம். மேலே அதுதான் பலசாலி, அதில் சந்தேகமே இல்லை, டிராக்கில் ஓட்டுகிறவர் இதையெல்லாம் படித்துவிட்டு வெபரைக் கழற்றிவிட வேண்டாம். பெட்ரோல் கணக்கு, கெட்டுப்போன அந்தச் செட்டிங்கில் லிட்டருக்கு ஏழரை, இப்போது பத்தரை. செலவைப் பொறுத்தவரை புஷ், ஷாஃப்ட், வீணான ஜோடி உட்பட மூன்று ஜோடி ஊசி, ஸ்பிரிங், கேஸ்கெட், லேத் கூலி எல்லாம் சேர்த்தும் வெபர் செட்டுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. ஜெட் வாங்கிய செலவு தனி, பதினான்கு ஜெட் ஒரு டப்பாவில் கிடக்கிறது.

இன்னொரு இன்ஜின் செய்தால், பிரிப்பதற்கு முன்பே ஷாஃப்டை ஆட்டி அளந்து எழுதிவைப்பேன். ரன்னிங் இன் (புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் ஆரம்ப ஓட்டம்) முடியும்வரை புதிய கார்புரேட்டரைச் சோதிக்க மாட்டேன், ஏற்கெனவே பழகிய ஒன்றைச் சரி செய்து அதில்தான் முதல் ஆயிரம் கிலோமீட்டர். சென்சருக்கான நட்டை சைலன்சர் கீழே இருக்கும்போதே வெல்ட் செய்துவிடுவேன், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்ததில் ஒரு சட்டை போனது. இரண்டு கார்புரேட்டரைச் சமன் செய்யும் வேலையே வேண்டாம் என்றால் எஸ்.யூ.வின் இன்னொரு மாடலான ஒன்றேமுக்கால் அங்குல எச்ஐஎஃப்44 ஒன்றை மட்டும் நல்ல மேனிஃபோல்டில் வைத்துப் பார்க்கலாம், ஃப்ளோட் ஜெட்டுக்கு அடியிலேயே இருப்பதால் வளைவுகளில் பெட்ரோல் அலம்பாது. அது எனக்கு ஆசையாகவே இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு இல்லை.

பாக்கி இருப்பது ஒன்று. நன்றாக ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஏழெட்டு சுழற்சி எடுக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நேர் கீழே இருக்கிறது, ஃப்ளோட் அறை தொட முடியாத சூடு. மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வர வேண்டிய வெப்பத் தகட்டை நான் வெபர் பூட்டும்போது கழற்றி எங்கேயோ வைத்தேன், அதன் உள்பக்கத்து வெப்பத்தடுப்பு அட்டை உதிர்ந்திருந்த ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி எடுத்துப் புது அட்டை ரிவெட் செய்து, இருபுறமும் கேஸ்கெட்டோடு பூட்ட வேண்டும்.